எடப்பாடியின் வாக்கு யாருடையது?

2021 மே மாதம் எடப்பாடி சட்டமன்றத் தொகுதியில் அதிமுகவின் எடப்பாடி பழனிசாமி 93,802 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒன்பது மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எடப்பாடி நகராட்சியைத் திமுக கூட்டணி கைப்பற்றியது. இந்த ஒன்பது மாதத்தில் ஊரில் குடிபெயர்ச்சி எதுவும் நடக்கவில்லை. அதே தறிகள் ஓடின, அதே தெருக்களில் அதே குடும்பங்கள் இருந்தன. சாதிவாரியாக யார் எத்தனை பேர் என்பதும் மாறியிருக்க வாய்ப்பில்லை. மாறியது தேர்தல் மட்டுமே.

சேலம், நாமக்கல் சமவெளியின் அரசியல் சாய்வை விளக்க இரண்டு கூற்றுகள் புழக்கத்தில் இருக்கின்றன. கொங்கு மண் அதிமுகவின் இரட்டை இலைக்கே சொந்தம் என்பது ஒன்று. இங்கே கவுண்டர் வாக்கு, வன்னியர் வாக்கு, அருந்ததியர் வாக்கு என்று சாதி சாதியாகவே வாக்கு விழுகிறது என்பது மற்றொன்று. தொலைக்காட்சி விவாதங்களிலும் கட்சி அலுவலகங்களிலும் டீக்கடைகளிலும் இவை ஆய்ந்து நிறுவப்பட்ட உண்மைகளைப் போலவே பேசப்படுகின்றன. எடப்பாடியை மையமாக வைத்து இந்த இரண்டையும் சான்றுகளோடு எடைபோட வேண்டியிருக்கிறது. பல லட்சம் பேரின் மனத்தைப் பற்றிய தீர்ப்பு இது. கையில் ஆதாரம் இல்லாமல் அதை வழங்கிவிடக் கூடாது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்யும்போதே தாம் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதையும் எழுதிவைக்கலாம். அங்கே ஒரு சிற்றூரின் சாய்வைத் தேடுபவருக்கு அந்தப் பதிவேடே ஒரு தொடக்கம். நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. சாதியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். எல்லாச் சாதிகளையும் எண்ணி முழுமையாக வெளியிடப்பட்ட கடைசிக் கணக்கு 1931ஆம் ஆண்டுக்குரியது. இந்தத் தொகுதியில் இவர்கள் இத்தனை விழுக்காடு என்று தேர்தல்தோறும் சுற்றுக்கு வரும் எண்களுக்கு அரசுப் புள்ளிவிவரம் எதுவும் அடிப்படையாக இல்லை. ஆளாளுக்கு ஒரு மதிப்பீடு, அதன்மேல் இன்னொரு மதிப்பீடு என்று வளர்ந்தவை அவை. ஆகவே தேர்தல் முடிவுகள் மட்டுமே நம்பத்தகுந்த சான்று. அவற்றையும் கவனமாகப் படிக்க வேண்டும்.

எடப்பாடியின் வரலாற்றைப் பார்ப்போம். 1967இலும் 1971இலும் திமுக வென்றது. 1977, 1980 தேர்தல்களில் அதிமுகவின் ஐ. கணேசன். 1984இல் காங்கிரஸ். 1989இல் அதிமுக இரண்டாகப் பிளந்து இரட்டை இலை முடக்கப்பட்டிருந்த வேளையில், ஜெயலலிதா அணியின் சேவல் சின்னத்தில் நின்று பழனிசாமி முதல்முறை வென்றார். மாநிலம் முழுவதும் அந்த அணிக்குக் கிடைத்தவை 27 இடங்களே. 1991இல் மீண்டும் அவரே. 1996இல் திமுக, தமாகா அலை தமிழகத்தையே அடித்துக்கொண்டு போனபோது எடப்பாடி இரு பெரிய அணிகளையும் விட்டுவிட்டுப் பாமகவைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கட்சி மாநிலத்தில் வென்ற 4 இடங்களில் ஒன்று இது. வென்றவர் யார்? முன்பு அதிமுகவில் வென்ற அதே ஐ. கணேசன். 2001இல் பாமக அதிமுகவோடு சேர்ந்து நின்றது, கணேசன் வென்றார். 2006இல் பாமக திமுகவோடு சேர்ந்து நின்றது. அப்போதும் பாமகவே வென்றது, தோற்றவர் பழனிசாமி. 2011 முதல்தான் தொடர்ச்சியாக அவருடைய வெற்றி.

இதில் இரட்டை இலைப் பற்று என்று ஒன்று இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் 1996 முதல் 2011 வரை பதினைந்து ஆண்டுகள் அதிமுகவின் சட்டமன்ற உறுப்பினர் இல்லாமலே இருந்த தொகுதியை அந்தக் கட்சியின் பிறவிச் சொத்து என்று சொல்ல முடியாது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2008இல் தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. பக்கத்திலிருந்த தாரமங்கலம் தொகுதியே இல்லாமல் போனது. சேலம் 1, சேலம் 2 என்றிருந்தவை வடக்கு, தெற்கு, மேற்கு ஆயின. சங்ககிரி தனித்தொகுதி பொதுத்தொகுதியானது. பொதுவாக இருந்த ராசிபுரம் தனித்தொகுதியானது, தனியாக இருந்த நாமக்கல் பொதுவானது. ஆகவே 2006இன் எடப்பாடியும் 2011இன் எடப்பாடியும் பெயரளவில்தான் ஒன்று. பாமகவை விட்டுவிட்டு அதிமுகவுக்கு மக்கள் மாறினார்கள் என்று சொல்பவர்கள், மக்களின் மனம் மாறியதா, எல்லைக் கோடு மாறியதா என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதே இந்த வட்டாரத் தேர்தல் ஆய்வுகளின் பெரிய குறை.

எல்லை மாறாத காலத்துக்கு வருவோம். 2016இல் பாமக தனித்து நின்றது. எடப்பாடியில் பழனிசாமி சுமார் 98,700 வாக்குகள் பெற்றார். இரண்டாம் இடம் பாமகவுக்கு, மூன்றாம் இடம் திமுகவுக்கு. இந்த இரண்டு கட்சிகளும் தலா 55,000ஐத் தாண்டின. இரண்டையும் கூட்டினால் வென்றவரைவிட அதிகம். அதாவது எதிர்ப்பு வாக்கு இரண்டாகப் பிரிந்ததால் வந்த வெற்றி அது. 2021இல் பாமக அதிமுக அணியில் நின்றது. பழனிசாமி 1,63,154 வாக்குகள் பெற்றார். 2016இல் அதிமுகவும் பாமகவும் தனித்தனியே பெற்றவற்றைக் கூட்டினாலே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வருகிறது. நான்கு ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர், சொந்தத் தொகுதி, மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம், கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் என்று எல்லாம் சேர்ந்தும், பழைய கூட்டுத்தொகைக்கு மேல் அவருக்குக் கிடைத்தது சில ஆயிரங்களே. அதே காலத்தில் திமுகவும் 55 ஆயிரத்திலிருந்து 69 ஆயிரத்துக்கு உயர்ந்தது. ஆக 93,802 என்ற எண்ணின் பெரும்பகுதி கூட்டணியின் விளைவு. அதை ஒரு மனிதரின் செல்வாக்கு என்றோ ஒரு மண்ணின் விசுவாசம் என்றோ படிப்பது தவறு.

அப்படியானால் கூட்டணிக் கணக்கே எல்லாவற்றையும் விளக்கிவிடுமா? விளக்காது. 2019 மக்களவைத் தேர்தலில் அதிமுக, பாமக, பாஜக, தேமுதிக எல்லாம் ஓரணியில் நின்றன. காகிதத்தில் யாரும் வெல்ல முடியாத அணி. சேலத்தில் திமுகவின் எஸ்.ஆர். பார்த்திபன் 1,46,926 வாக்குகளில் வென்றார். நாமக்கல்லில் திமுகவின் உதயசூரியன் சின்னத்தில் நின்ற கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியின் (கொமதேக) ஏ.கே.பி. சின்ராஜ் 2,65,151 வாக்குகளில் வென்றார். பக்கத்துத் தருமபுரியில் அன்புமணி ராமதாஸே தோற்றார். இரண்டே ஆண்டுகளில், 2021இல், சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அதே அதிமுக, பாமக அணிக்குப் போயின. 2024இல் நாமக்கல்லில் அதிமுக பாஜகவைப் பிரிந்து நின்று 29,112 வாக்குகளில் தோற்றது. பாஜக வேட்பாளர் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தார். இரண்டும் சேர்ந்திருந்தால் வென்றிருக்கும் என்று உடனே கணக்குப் போட்டார்கள். சேர்ந்தே நின்ற 2019இல் அந்த அணி வாங்கிய அடி, இந்தக் கணக்கை ஏற்க விடாமல் தடுக்கிறது. கட்சிகள் சேர்ந்தால் வாக்குகள் சேரும் என்பது சட்டமன்றத் தேர்தலில் ஓரளவு உண்மை. டெல்லிக்கு யார் என்ற கேள்வி வரும்போது அது உடைகிறது.

2019இன் முடிவுக்கு எட்டுவழிச்சாலை காரணம் என்று ஒரு வாதம் உண்டு. சேலம், சென்னை பசுமைவழிச் சாலைக்கு 2018இல் நிலம் அளக்க வந்தபோது தோப்பிலும் வயலிலும் நின்று பெண்கள் அழுததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நிலக் கையகப்படுத்தலை ரத்து செய்தது. பத்தே நாளில் வாக்குப்பதிவு. கோபம் உண்மையானது, அதன் தாக்கமும் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சாலை தொடங்கவிருந்த அரியானூரும் பூலாவரியும் வீரபாண்டித் தொகுதியில் இருக்கின்றன. 2021இல் வீரபாண்டி அதிமுகவைத்தான் தேர்ந்தெடுத்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் திட்டத்துக்குப் பெருமளவு வழிவிட்ட பிறகும் அப்படி நடந்தது. நிலம் இழக்க இருந்தவர்கள் மனம் மாறினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கிறார்கள். பாதிக்கப்பட்ட சில ஊர்களின் கோபம் அந்தத் தொகைக்குள் கரைந்துபோகிறது. சாலையை மட்டும் காரணமாக்கும் வாதம் இந்த அளவை மறந்துவிடுகிறது.

வளர்ச்சித் திட்டங்கள் பற்றிய வாதத்தைச் சுருக்கமாகவே தள்ளலாம். சேலம் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் திறக்கப்பட்டது. மாநகரின் மிகப் பெரிய கட்டுமானங்களில் ஒன்று. அடுத்த ஆண்டே சேலம் வடக்கு மீண்டும் திமுகவுக்குப் போனது. பணப் பட்டுவாடாவும் அப்படித்தான். காவிரிக்கு அக்கரையில் அரவக்குறிச்சியில் 2016இல் பணத்தின் காரணமாகவே தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. அந்த நோய் இந்தக் கரையில் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டு பக்கமும் கொடுக்கிற இடத்தில், ஒரு பக்கம் வென்றதற்குப் பணம் காரணமாக முடியாது.

சாதிதான் இந்த விசாரணையின் மையம். சாதி சாதியாக வாக்கு விழுகிறது என்ற கூற்றுக்கு எதிரான மிக வலுவான சான்று 2016. அந்த ஆண்டு பாமக தனித்து நின்றது, கொமதேகவும் தனித்து நின்றது. வன்னியரின் கட்சி என்றும் கவுண்டரின் கட்சி என்றும் அறியப்படும் இரண்டுக்கும் மாநிலம் முழுவதும் கிடைத்த இடம் பூச்சியம். சாதியினர் சாதிக்கே வாக்களிக்கிறார்கள் என்றால் அந்த ஆண்டு அது நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. எடப்பாடியை வன்னியர் மிகுந்த தொகுதி என்றே எல்லாக் கட்சிகளும் கணிக்கின்றன. அங்கேதான் கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்த பழனிசாமி 2011இலும் 2016இலும் பாமகவைத் தோற்கடித்தார். இரு பெரிய அணிகளிலும் சேராமல் நின்ற பாமகவுக்கு 1996இல் எடப்பாடி கிடைத்தது என்பதை எதிர்ச்சான்றாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் வென்றவர் இரண்டு முறை அதே ஊரில் அதிமுக உறுப்பினராக இருந்தவர் என்பதால், அது கட்சியின் வெற்றியா ஆளின் வெற்றியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

சாதிக் கட்சிகளுக்கு வலுவே இல்லை என்று இதற்குப் பொருளா? இல்லை. நாமக்கல் மாவட்டத்தைப் பாருங்கள். 2016இல் 6இல் 5 அதிமுகவுக்கு. 2021இல் 4 திமுக அணிக்கு. பெரிய மாற்றம்போலத் தெரிகிறது. ராசிபுரத்தில் மா. மதிவேந்தன் வென்றது 1,952 வாக்குகளில். திருச்செங்கோட்டில் கொமதேகவின் ஈ.ஆர். ஈஸ்வரன், அவரும் உதயசூரியனில் நின்று, வென்றது 2,862 வாக்குகளில். இரண்டு தொகுதிகளிலும் சேர்த்துச் சுமார் 2,400 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் கணக்கு அதிமுகவுக்கு 4, திமுக அணிக்கு 2 என்று திரும்பியிருக்கும். சேலம் பக்கம் மேட்டூரில் பாமக வென்றது வெறும் 656 வாக்குகளில். இவ்வளவு நெருங்கிய போட்டியில் ஒரு சாதிக் கட்சி கொண்டுவரும் சிறு பங்குகூட முடிவைத் தீர்மானிக்கலாம். சாதிக்கு அந்த அளவு வலு உண்டு. ஆனால் அது ஓரத்தில் நின்று தள்ளுகிற வலு. ஒட்டுமொத்த ஊரும் அதன்படி நடக்கிறது என்ற முடிவுக்கு அது போதாது. அதே காரணத்தால், வென்ற இடங்களை எண்ணி ஒரு மாவட்டத்துக்கே கட்சி நிறம் பூசுவதும் பிழை.

என்றாலும் இந்தச் சமவெளியின் அரசியலில் சாதி இல்லை என்று சொல்பவர் இங்கே வாழ்ந்தவராக இருக்க முடியாது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தார். அதே ஆண்டு ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து ஒரு தலித் மாணவர் கடத்திக் கொல்லப்பட்டார். இந்த இரண்டிலும் பெரிய கட்சிகளின் உள்ளூர்த் தலைவர்கள் எவ்வளவு தயங்கினார்கள் என்பதை ஊர் பார்த்தது. அந்தத் தயக்கத்தில்தான் சாதி இருக்கிறது. வாக்குப்பெட்டிக்கு வெகுமுன்பே, வேட்பாளர் பட்டியலில் அது தன் வேலையை முடித்துவிடுகிறது. பொதுத்தொகுதிகளில் பெரிய கட்சிகள் பெரும்பாலும் ஒரே சமூகத்தில்தான் ஆள் தேடுகின்றன. இரண்டு பக்கமும் கவுண்டரே நிற்கும் இடத்தில் கவுண்டருக்கு வாக்களிப்பதைத் தவிர வாக்காளருக்கு வேறு என்ன வழி? பிறகு அந்த முடிவையே எடுத்துக்காட்டி, பாருங்கள், சாதி பார்த்து வாக்களித்தார்கள் என்கிறோம். அருந்ததியர் ஒருவரைப் பொதுத்தொகுதியில் நிறுத்துவதை எந்தப் பெரிய கட்சியும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, பேரவைத் தலைவராக இருந்த ப. தனபால் நான்கு முறை சங்ககிரியில் வென்றவர். அது பொதுத்தொகுதியானதும் 2011இல் ராசிபுரத்துக்குப் போனார், பிறகு அவிநாசிக்கு. மூன்றுமே அவர் நின்றபோது தனித்தொகுதிகள். நான்கு முறை தேர்ந்தெடுத்த மக்கள் அதே ஊரில்தான் இருந்தார்கள்.

மாறாக, பட்டியல் கட்டத்தில் அழுத்தம் கொடுத்தால் மாற்றம் நடக்கும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2024 மார்ச்சில் நாமக்கல் மக்களவைத் தொகுதிக்குக் கொமதேக முதலில் அறிவித்த வேட்பாளரின் பழைய பேச்சு ஒன்று பரவியது. சாதி மறுப்புத் திருமணத்துக்கு எதிரான அந்தப் பேச்சுக்குக் கண்டனம் எழுந்ததும் அவர் மாற்றப்பட்டு வி.எஸ். மாதேஸ்வரன் நிறுத்தப்பட்டார். வென்றார்.

என் தீர்ப்பு இது. சேலம், நாமக்கல் வாக்காளர்கள் சாதிக்கும் கட்சிக்கும் கட்டுப்பட்டவர்கள் என்ற கூற்று நிற்காது. அதிமுகவுக்கு இங்கே மற்ற வட்டாரங்களைவிடத் தடித்த ஒரு அடித்தளம் உண்டு, அது உண்மை. ஆனால் எந்தப் பதவிக்கான தேர்தல், யார் யாரோடு நிற்கிறார்கள், நிற்பவரை ஊருக்குத் தெரியுமா என்பவற்றைப் பார்த்து இவர்கள் இடம் மாறுகிறார்கள். 1999இல் அதிமுகவில் நின்ற டி.எம். செல்வகணபதியைச் சேலம் மக்களவைக்கு அனுப்பியவர்கள், 2024இல் திமுகவில் நின்ற அவரையே அனுப்பினார்கள். 2024இல் மாநிலம் முழுவதும் 69.72 விழுக்காடு பேர் வாக்களித்தபோது நாமக்கல்லிலும் சேலத்திலும் 78 விழுக்காட்டுக்கு மேல் வந்து வரிசையில் நின்றார்கள். முடிவு முன்பே எழுதப்பட்டது என்று நம்புகிறவர்கள் சித்திரை வெயிலில் அப்படி நிற்க மாட்டார்கள். குற்றச்சாட்டு சேர வேண்டிய இடம் பட்டியல் போடுபவர்களின் மேசை.

இந்தத் தீர்ப்பு தவறு என்று காட்ட விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. வாக்குச்சாவடிவாரியான முடிவுகள் படிவம் 20இல் வெளியாகின்றன. ஊர்ச் சாவடியும் காலனிச் சாவடியும் தனித்தனியாக இருக்கும் கிராமங்களில் 2019, 2021, 2024 மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். ஒரே சாவடி மூன்று தேர்தலிலும் ஒரே பக்கம் நின்றிருந்தால், அதுவும் பெரும்பாலான சாவடிகள் அப்படி நின்றிருந்தால், சாதி வாக்கு என்ற கூற்றை நான் ஏற்க வேண்டியிருக்கும். ஆனால் அதே படிவம்தான் எந்தத் தெரு தமக்கு வாக்களிக்கவில்லை என்பதையும் கட்சிக்காரர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் அதைப் பார்த்து வருகிற ஊர்கள் உண்டு. பல எந்திரங்களின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் 2015இல் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. அந்தக் கருவி வந்தால் மேலே நான் சொன்ன சோதனையைச் செய்ய முடியாமல் போகும். இருந்தாலும் அது வர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. காலனிச் சாவடியில் வாக்களிக்கும் பெண்ணின் பாதுகாப்பு என் ஆய்வைவிட முக்கியம்.